வெற்றுறையின் விலை

கடையில் விற்கப்படும் பொருள் எதுவாயினும் ஏதோ ஓர் உறைக்குள் இருந்தே வீட்டுக்கு வந்து சேருகிறது. பொருளைச் சிந்தாமல் கொள்வது, காற்றும் ஈரமும் பூச்சியும் அண்டாமல் காப்பது, லாரியிலும் தலைச்சுமையிலும் நசுங்காமல் கொண்டுசெல்வது, உள்ளே இருப்பது என்ன, எவ்வளவு, எந்நாள்வரை கெடாது என்று அறிவிப்பது ஆகிய வேலைகள் அனைத்தையும் அந்த உறை ஒருசேரச் செய்கிறது. பொருளை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருப்பது முதல்நிலை உறை என்றும், அதற்கு மேலே வருவது இரண்டாம் நிலை உறை என்றும், பலவற்றை ஒன்றாக அடுக்கிக் கடைவரை கொண்டுவருவது மூன்றாம் நிலை உறை என்றும் இத்தொழிலில் வகுக்கப்படுகின்றன. பற்பசையை எடுத்துக்கொண்டால், பசை நிறைந்த குழாய் முதல்நிலை, குழாயை மூடிய மெல்லட்டைக் கூடு இரண்டாம் நிலை, நூற்றுக்கணக்கான கூடுகளைச் சுமந்துவரும் அட்டைப்பெட்டி மூன்றாம் நிலை.

இந்த மூன்றில் வாங்குபவரின் கண்ணில் படாத மூன்றாம் நிலை உறைதான் பெரும்பாலும் வீணாகாமல் தப்புகிறது என்பது கவனத்துக்குரியது. மளிகைக் கடைக்காரர் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தட்டையாக மடித்துக் கட்டி வைக்கிறார். பழைய பேப்பர் வியாபாரி வந்து எடைபோட்டுக் காசு கொடுத்து வாங்கிப்போகிறார். அவை காகித ஆலையில் கூழாகி மீண்டும் அட்டையாகின்றன. வீட்டுக்குள் வந்த பற்பசைக் குழாயோ, பல அடுக்குப் பொருள்கள் ஒட்டிச் செய்யப்பட்டதாகவும், கையளவே உள்ளதாகவும், தெருவுக்கு நூறு வீடுகளில் நூறு வெவ்வேறு நாள்களில் தீர்ந்துபோவதாகவும் இருப்பதால், அதை விலைகொடுத்து வாங்க ஆளில்லை. ஓரிடத்தில் மொத்தமாகச் சேரும் உறைக்கு விலை உண்டு. வீடு வீடாகச் சிதறும் உறைக்கு விலை இல்லை. உறைக்கழிவு பற்றிய சிக்கலில் பெரும்பகுதி இந்த வேறுபாட்டுக்குள் அடங்கியிருக்கிறது.

தமிழ்நாட்டில் உறைகள் சென்ற வழியைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால், வெற்றுறை குப்பையாகாத காலம் மிகத் தொலைவில் இல்லை என்பது தெரியும். கருப்பட்டி பனையோலைப் பெட்டியிலும், பூ வாழைச்சருகிலும், கறியும் வெண்ணெயும் தாமரை இலையிலும், பருப்பும் மிளகும் பழைய தாளில் மடித்து நூல் சுற்றிய பொட்டலத்திலும் வந்தன. இலையும் சருகும் ஆட்டுக்கோ மாட்டுக்கோ எருக்குழிக்கோ போயின. பொட்டலம் கட்டிய நூலைக்கூட வீட்டில் கண்டாகச் சுற்றி வைத்துக்கொண்டார்கள். ஓலைப்பெட்டி பல ஆண்டுகள் உழைத்தது. சீர்வரிசைப் பண்டங்களை வைத்துக் கொடுப்பதற்காக நுண்ணிய வண்ண ஓலைகளால் பின்னப்பட்ட செட்டிநாட்டுக் கொட்டான் இன்று புவிசார் குறியீடு பெற்ற கைவினைப் பொருளாக விளங்குகிறது. உள்ளே வைக்கும் பண்டத்துக்குச் சமமாக அதைத் தாங்கும் கலமும் மதிக்கப்பட்டதற்கு அது சான்று. திருமண வீட்டில் தேங்காயும் வெற்றிலை பாக்கும் இட்டுத் தரப்படும் மஞ்சள் துணிப்பையும் அவ்வகைப்பட்டதே. மணமக்களின் பெயரும் திருமண நாளும் அச்சிட்ட அந்தப் பை தாம்பூலத்தைச் சுமந்தது ஒருநாள்தான்; அதன்பின் அது காய்கறிச் சந்தைக்கும் ரேஷன் கடைக்கும் பேருந்துப் பயணத்துக்கும் ஆண்டுக்கணக்கில் உழைத்தது.

ஆலைத்தொழில் பெருகித் தகரமும் கண்ணாடியும் புழக்கத்துக்கு வந்த பிறகும் இந்த வழக்கம் மாறிவிடவில்லை. மண்ணெண்ணெய் டின் அரிசி சேமிக்கும் கலமாயிற்று. டால்டா டப்பாவில் துளசி வளர்ந்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் மிளகாய்த்தூளும் ஊறுகாயும் இடம்பிடித்தன. பிஸ்கட் டின் தையல் ஊசிக்கும் பொத்தானுக்கும் பெட்டகமாயிற்று. தானியம் வந்த சணல்சாக்கு களத்தில் விரிப்பாகவும் வாசலில் மிதியடியாகவும் பயன்பட்டுக் கிழிந்து தீர்ந்தது. உணவு தானியங்களையும் சர்க்கரையையும் குறிப்பிட்ட அளவுக்குச் சணல் பைகளிலேயே பொதிய வேண்டும் என்று 1987இல் நடுவண் அரசு சட்டம் இயற்றியதன் முதன்மை நோக்கம் சணல் உழவர்களையும் ஆலைத் தொழிலாளர்களையும் காப்பது என்றாலும், அதன் பயனாகவே ரேஷன் கடைகளில் இன்றும் வெற்றுச் சாக்கு எண்ணிக் கணக்கு வைக்கப்படும் பொருளாக இருக்கிறது. மேற்கண்ட உறைகள் அனைத்துக்கும் பொதுவான பண்பு ஒன்று உண்டு: ஒவ்வொன்றும் ஒரே மூலப்பொருளால் ஆனது, கழுவவோ உதறவோ முடிவது, உள்ளிருந்த பண்டத்தைவிட நீண்ட நாள் உழைக்கும் உறுதி படைத்தது. சிக்கனம் மட்டும் மக்களை அவற்றைச் சேர்த்து வைக்கச் செய்யவில்லை, உறையின் அமைப்பே அதற்கு இடம் கொடுத்தது.

அந்த அமைப்பை அடியோடு மாற்றிய உறை பிறந்த இடங்களில் தமிழ்நாட்டின் கடலூர் தலையாயது. பணக்காரர் பயன்படுத்தும் பொருள் கூலித் தொழிலாளிக்கும் எட்ட வேண்டும் என்ற எண்ணத்தோடு, பொருள்களைச் சிறுசிறு பாக்கெட்டில் அடைத்துச் சில்லறைக் காசுக்கு விற்கும் முறையை அவ்வூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் முன்னெடுத்தார். அவருக்குப் பின் அவருடைய மகன்கள் வெல்வெட் ஷாம்புவை அவ்வகைப் பாக்கெட்டில் விற்றுப் புகழ்பெற்றனர். மகன்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து, 1983இல் 15,000 ரூபாய் முதலீட்டில், தந்தையின் பெயரிலுள்ள எழுத்துகளைச் சேர்த்து ‘சிக்’ என்ற பெயரில் ஷாம்பு ஒன்றைக் கொண்டுவந்தார். போத்தலில் வாங்க வசதியில்லாத குடும்பங்கள் ஒரு தலைக்குளியலுக்கு வேண்டிய அளவை மட்டும் வாங்க முடிந்தது. பின்னாளில் அந்தப் பாக்கெட் 50 பைசாவுக்கே கிடைத்தது. சாஷே எனப்படும் இந்தச் சிற்றுறையைப் பெருநிறுவனங்களும் பின்பற்றத் தொடங்கின. ஷாம்புவிலிருந்து காபித்தூள், ஊறுகாய், முகப்பூச்சு, சலவைத்தூள் என்று அது பரவியது.

அந்த ஷாம்புவின் தொடக்ககால வரலாற்றில் வணிகப் பாடநூல்கள் விளம்பர உத்தியாக மட்டும் எடுத்துக்காட்டும் ஒரு நிகழ்வு, கழிவைப் பற்றிச் சிந்திப்போருக்கு அதனினும் பெரிய பொருளுடையது. எந்த நிறுவனத்தின் பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து வெற்றுப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து கொடுப்பவருக்கு ஒரு புதிய சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவிக்கப்பட்டது. மக்கள் தேடித் தேடிச் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். பிறகு அந்தச் சலுகை சிக் பாக்கெட்டுகளுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. விற்பனையைப் பெருக்குவதே அந்தத் திட்டத்தின் குறிக்கோள், கழிவைச் சேகரிப்பது அன்று. ஆயினும் எண்ணற்ற வீடுகளுக்குச் சிதறிப்போன கிழிந்த பாக்கெட்டுக்கும் ஒரு விலை வைத்தால் அது பெட்டிக்கடை வழியாகவே திரும்பி வந்துவிடும் என்பதை அத்திட்டம் தன்னையறியாமல் மெய்ப்பித்தது. அந்தப் பாடத்தை எவரும் தொடரவில்லை.

சிற்றுறையின் மீது பழியைப் போடும்போது ஏழைகள் சிறிதளவாக வாங்குவதையே குற்றமாகப் பேசிவிடும் தவறு அடிக்கடி நேர்கிறது. அன்றாடக் கூலியில் வாழ்வோர் சிறிதளவு வாங்குவது இயல்பு. அதற்கு முன்பும் அவ்வாறே வாங்கினார்கள். வீட்டிலிருந்து சீசாவை எடுத்துச்சென்று ஆழாக்கு நல்லெண்ணெய் வாங்கிவருவதும், சீயக்காயைக் கைப்பிடி அளவு வாங்குவதும் அக்கால வழக்கம். அளந்து கொடுத்தல் என்ற அந்த முறையில் உறை வாங்குபவருடையதாகவே இருந்தது. கடைக்காரரிடமிருந்து பண்டம் மட்டுமே கைமாறியது. அந்த முறை மறைந்ததற்கு நியாயமான காரணங்களும் உண்டு. கலப்படமும் எடைக்குறைவும் மக்களை ஏமாற்றின. அதனால்தான் சமையல் எண்ணெயை உறையிடாமலும் அடையாளச் சீட்டு ஒட்டாமலும் விற்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதிகளே தடுக்கின்றன. உடல்நலத்தைக் காக்க வந்த விதி உறையைப் பெருக்கவும் செய்தது என்ற முரண்பாட்டை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

இனி, இந்தச் சிற்றுறை ஏன் மறுபயன்பாட்டுக்கு அறவே வசப்படுவதில்லை என்பதை அதன் கட்டமைப்பிலிருந்து அறியலாம். கண்ணுக்கு ஒரே தாளாகத் தெரியும் ஷாம்பு பாக்கெட்டோ சிப்ஸ் பாக்கெட்டோ உண்மையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்ட பல ஏடுகளின் அடுக்கு. இதைப் பல்லடுக்கு உறை என்பர். வெளிப்புறத்தில் அச்சு நன்றாகப் பதியக்கூடிய, விறைப்பான பாலியஸ்டர் அல்லது பாலிப்ரோப்பிலீன் ஏடு இருக்கும். நடுவில் ஒளியையும் ஈரத்தையும் ஆக்ஸிஜனையும் தடுக்கும் அலுமினியம், மெல்லிய தகடாகவோ, ஏட்டின் மீது ஆவியாகப் படியவைக்கப்பட்ட பளபளப்பான பூச்சாகவோ இருக்கும். உட்புறத்தில், சூடுபட்டால் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பாக்கெட்டை அடைக்கும் பாலிஎத்திலீன் ஏடு இருக்கும். தலைமுடியினும் மெல்லிய இந்த ஏடுகள் ஒவ்வொன்றும் தன் பணியைத் திறம்படச் செய்வதால்தான், வேறு வழியில் தகரமோ கண்ணாடியோ செய்ய வேண்டியதை மிகச் சிறிதளவு பொருளே செய்து முடிக்கிறது. பொறியியல் நோக்கில் இது வியப்புக்குரிய சாதனை.

மறுசுழற்சியின் நோக்கிலோ இதே அமைப்பு பெருந்தடை. பாலிஎத்திலீன் ஏறத்தாழ 110 முதல் 130 செல்சியஸ் பாகையில் உருகும். பாலியஸ்டர் உருக 250 பாகைக்கு மேல் வேண்டும். அலுமினியத்துக்கோ 660 பாகை. அனைத்தையும் ஒரே உலையில் இட்டால் ஒன்று உருகுவதற்குள் மற்றொன்று கருகத் தொடங்கும். உருகினாலும் எண்ணெயும் தண்ணீரும்போல ஒன்றோடொன்று கலவாமல் வலுவற்ற கட்டியாகவே உறையும். ஏடுகளைப் பிரித்தெடுக்கும் வேதிமுறைகள் இருக்கின்றன என்றாலும், ஏறத்தாழ ஒரு கிராம் எடையே கொண்ட பாக்கெட்டில் ஆயிரம் சேர்த்தால்தான் ஒரு கிலோ தேறும்; அந்த ஆயிரத்தையும் குனிந்து பொறுக்கும் தொழிலாளிக்குக் காயலான் கடையில் காசு கிடைக்காது. அதே தொழிலாளி தண்ணீர்ப் போத்தலையும் பால் கவரையும் விட்டுவைப்பதில்லை. பால் கவர் ஒரே வகைப் பாலிஎத்திலீனால் ஆனது, கழுவிக் காயவைத்தால் விலைபோவது. சாலையோரத்தில் எது கிடக்கிறது, எது கிடப்பதில்லை என்று உற்றுநோக்கினால், பழைய பொருள் சந்தையின் விலைப்பட்டியலை அங்கேயே படித்துவிடலாம்.

இவ்வாறு விலையில்லாமல் எஞ்சுவதன் அளவு சிறிதன்று. 2020–21இல் இந்தியாவில் ஏறத்தாழ 41 லட்சம் டன் பிளாஸ்டிக் கழிவு உருவானதாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கணக்கிட்டது. உலக அளவில், 2015ஆம் ஆண்டுவரை உருவான பிளாஸ்டிக் கழிவு முழுவதிலும் ஏறத்தாழ 9 விழுக்காடு மட்டுமே மறுசுழற்சிக்கு உட்பட்டது என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பிளாஸ்டிக் பயன்படும் துறைகளில் உறைத்தொழிலே மிகப்பெரியது. அதோடு, வாங்கிய சில நாள்களில், சில வேளை சில நிமிடங்களில், கழிவாகிவிடுவதும் அதுவே.

உறையின் அடியில் அம்புக்குறிகளாலான முக்கோணத்துக்குள் காணப்படும் எண்ணைப் பற்றி இங்கே ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. 1988இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில்துறைச் சங்கம் வகுத்த இந்தக் குறியீடு, அப்பொருள் மறுசுழற்சி செய்யப்படும் என்ற வாக்குறுதி அன்று. அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்று அடையாளம் காட்டுவது மட்டுமே. 1 என்பது தண்ணீர், குளிர்பானப் போத்தல்களுக்கான பெட். 2 என்பது ஷாம்பு போத்தல், எண்ணெய்க் கேன் போன்றவற்றுக்கான அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன். 4 என்பது பால் கவர் வகை. 5 என்பது சாப்பாட்டு டப்பாக்களுக்கான பாலிப்ரோப்பிலீன். 3 என்பது பிவிசி, 6 என்பது பாலிஸ்டைரீன். இவற்றில் அடங்காத பிறவும், பல பொருள்கள் கலந்தவையும் 7. வீட்டில் எதை மீண்டும் பயன்படுத்தலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்று முடிவுசெய்ய விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

வீட்டளவிலான மறுபயன்பாட்டில் தமிழ்நாட்டு மாடித்தோட்டங்கள் குறிப்பிடத்தக்க திறமையைக் காட்டியிருக்கின்றன. ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனின் மேற்பாகத்தை அறுத்துவிட்டு, அடியில் நான்கைந்து துளையிட்டு மண்ணும் தொழுவுரமும் தென்னைநார்க் கழிவும் நிரப்பினால் கீரைக்கும் மிளகாய்க்கும் போதுமான தொட்டியாகிறது. பெயின்ட் வாளி அளவிலுள்ளவை கத்தரிக்கும் தக்காளிக்கும் ஏற்றவை. இருபத்தைந்து கிலோ அரிசி வந்த நெகிழிச்சாக்கு, விளிம்பை மடித்துவிட்டால் கருணைக்கிழங்கும் இஞ்சியும் வளர்க்கும் பையாகிறது. ஆயினும் வெயிலில் கிடக்கும் நெகிழிச்சாக்கின் இழைகள் ஓரிரு ஆண்டுகளில் நைந்து பொடிப்பொடியாக உதிர்ந்து மண்ணிலேயே கலந்துவிடும் என்பதால், இழை பிரியத் தொடங்கியவுடன் அதை அகற்றிவிடுவது நல்லது. பால் கவரின் அடிமூலைகளைக் கத்தரித்துவிட்டு நாற்று விடலாம். தண்ணீர்ப் போத்தலின் மூடியில் ஊசித்துளையிட்டு, தலைகீழாக மண்ணில் செருகி, அடிப்பக்கத்தை வெட்டி நீரூற்றினால், ஊருக்குச் சென்ற இரண்டு நாள்களுக்குச் செடி வாடாது. எதில் வளர்த்தாலும் நீர் வடியும் துளை இன்றியமையாதது. தேங்கிய நன்னீரில்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது, அதற்கு ஒரு டப்பா மூடியளவு நீரே போதுமானது.

அட்டைப்பெட்டியின் வாய்ப்புகள் இன்னும் விரிவானவை. இரண்டு தட்டைத் தாள்களுக்கு இடையே அலைபோல் மடிந்த தாளை ஒட்டிச் செய்யும் நெளியட்டை, 1856இல் இங்கிலாந்தில் உயரமான தொப்பிகளுக்கு உள்விளிம்பாகக் காப்புரிமை பெற்றது. அதன் வலிமை தாளின் தடிப்பில் இல்லை, அலையின் வளைவில் இருக்கிறது. அந்த வலிமையை நவராத்திரி நாள்களில் கொலுப்படி கட்டும் வீடுகள் நன்கறியும்: ஒரே அளவான பெட்டிகளை அடுக்கி, இடைவெளிகளில் பழைய தாள் திணித்து, மேலே வேட்டியை விரித்தால் பொம்மைகளின் எடையைத் தாங்கும் படிகள் அமைந்துவிடும், விழா முடிந்ததும் அதே பெட்டிகளுக்குள் பொம்மைகள் அடுத்த ஆண்டுவரை உறங்கும். பள்ளிக் குழந்தைகளின் அறிவியல் மாதிரிகளுக்கும் அலமாரித் தடுப்புகளுக்கும் அட்டையைவிட வசதியான பொருள் இல்லை. பெரும் பெட்டிகளைக் கட்டிவரும் பாக்கிங் பட்டைகளால் உறுதியான கூடை பின்னுவோர் உண்டு. பயனெல்லாம் தீர்ந்த அட்டை ஈரமாகாமல் இருந்தால் காகித ஆலைக்குச் செல்லும். ஒவ்வொரு முறை கூழாகும்போதும் இழை குறுகுவதால் ஐந்தாறு சுற்றுக்கு மேல் அது நீடிக்காது என்றாலும், மட்கி மண்ணாகும் இயல்பு அதற்குக் கடைசிவரை இருக்கிறது.

மறுபயன்பாட்டு ஆர்வம் மிகுந்து பாதுகாப்பை மறந்துவிடும் இடங்களும் உண்டு, அவற்றை அழுத்தமாகவே சொல்ல வேண்டும். வடையையும் பஜ்ஜியையும் செய்தித்தாளில் வைத்துப் பிழிவது தமிழ்நாட்டில் ஊறிப்போன பழக்கம். அச்சுமையிலுள்ள நிறமிகளும் கரைப்பான்களும் சூடான எண்ணெயில் எளிதாகக் கரைந்து உணவில் சேர்வதால், உணவை அச்சிட்ட தாளில் பொதிவதை 2018ஆம் ஆண்டின் உணவு உறை விதிகள் தடைசெய்துள்ளன. பெட் போத்தல் 70 பாகை வெப்பத்தை ஒட்டியே இளகத் தொடங்கும் என்பதால், அதில் சூடான ரசத்தையோ காபியையோ ஊற்றுவதும், வெயிலில் நின்ற வாகனத்துக்குள் நாள்கணக்கில் தண்ணீரோடு விட்டுவைத்துக் குடிப்பதும் தகாது. உணவுக்கென்று செய்யப்படாத டப்பாவில், குறிப்பாகப் பெயின்டோ கரைப்பானோ இருந்ததில், புளியும் எண்ணெயும் சேர்ந்த ஊறுகாயை வைக்கக்கூடாது. பூச்சிமருந்து வந்த கலத்துக்கோ எவ்வகையிலும் மறுபயன்பாடே கிடையாது. அதை மும்முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, வேறெவரும் எடுத்துப் பயன்படுத்த இயலாதபடி துளையிட்டு ஒதுக்க வேண்டும். அழகான மூடியோடு இருக்கிறதென்று அதில் குடிநீரோ விதையோ வைத்த வீடுகளில் உயிரே போயிருக்கிறது.

வீட்டில் எவ்வளவு திறமை காட்டினாலும் ஓர் எல்லை வந்துவிடும். ஒரு குடும்பத்துக்கு வேண்டிய பூந்தொட்டிகள் பத்தோ இருபதோ. எண்ணெய்க் கேனோ மாதந்தோறும் வந்துகொண்டிருக்கும். சிப்ஸ் உறைகளைக் கத்தரித்துத் தோரணமும் பர்சும் செய்வது கைத்திறனுக்கு நல்ல பயிற்சி. ஆனால் அந்தத் தோரணம் சில மாதங்களில் குப்பைக்கூடைக்கே போகும்போது, கழிவு தள்ளிப்போடப்பட்டதேயன்றிக் குறைந்துவிடவில்லை. ஆகவே பெருமளவில் உறைகளை உட்கொள்ளும் வழிகள் தேடப்பட்டன. அவற்றில் தமிழ்நாடு உலகுக்குத் தந்தது பிளாஸ்டிக் சாலை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன், பயன்படுத்திய உறைகளைத் துகளாக்கி, ஏறத்தாழ 160 பாகைக்குச் சூடேற்றிய கருங்கல் ஜல்லியின் மீது தூவினால் அவை இளகிக் கல்லின்மேல் மெல்லிய பூச்சாகப் படிவதையும், அந்தப் பூச்சு தாரை இறுகப் பற்றிக்கொள்வதையும் கண்டறிந்தார். நீர் புகுந்து கல்லும் தாரும் பிரிவதே மழைக்காலச் சாலைக்குழிக்கு முதற்காரணம். பூச்சுப் பெற்ற கல்லில் அந்தப் பிரிவு குறைகிறது, தாரின் தேவையும் ஓரளவு மிச்சமாகிறது. ஒற்றைத்தடச் சாலையில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் பிளாஸ்டிக் இவ்வாறு செலவாகிறது. சூட்டில் நச்சுவாயுவை வெளிவிடும் பிவிசியை மட்டும் இதில் சேர்க்கலாகாது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பால், பழச்சாறு வரும் அட்டைக் கூடுகளில் தோராயமாக முக்கால் பங்கு அட்டையும் எஞ்சியதில் பாலிஎத்திலீனும் சிறிது அலுமினியமும் இருக்கின்றன. நீரில் நெடுநேரம் சுழலவிட்டால் அட்டை கூழாகிப் பிரிந்துவிட, எஞ்சும் பிளாஸ்டிக்–அலுமினியக் கலவையைச் சூட்டில் அழுத்திக் கூரைத் தகடும் பள்ளி இருக்கையும் செய்கிறார்கள். புனேயில் ஒரு நிறுவனம் சிப்ஸ் உறைகளிலிருந்து மூக்குக்கண்ணாடிச் சட்டம் வார்த்திருக்கிறது. இவை எதற்கும் போகாத பல்லடுக்கு உறைகள் பெரும்பாலும் சிமென்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகச் செல்கின்றன. 1,400 பாகைக்கு மேற்பட்ட அந்த வெப்பம் தெருவோரத்தில் கொளுத்துவதைவிட மிக மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் எரித்தலை மறுபயன்பாடு என்று அழைப்பது சொல்லுக்குச் செய்யும் அநீதி.

உறை உண்மையாகவே மீண்டும் மீண்டும் உறையாகப் பயன்படும் முறைகள் வேறு இருக்கின்றன, அவை மிகவும் பழக்கப்பட்டுப்போனதால் எவர் கவனத்துக்கும் வருவதில்லை. 1872இல் ஆங்கிலப் பொறியாளர் ஹைரம் காட் காப்புரிமை பெற்ற போத்தல், கழுத்தில் ஒரு கண்ணாடிக் கோலியும் ரப்பர் வளையமும் கொண்டு, உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தத்தாலேயே தன்னை அடைத்துக்கொள்வது. தமிழகத்தின் கோலி சோடா அந்தப் போத்தலில்தான் வாழ்ந்தது. சோடாவைவிடப் போத்தல் விலை கூடியது என்பதால் கடையிலேயே குடித்துவிட்டு அதைக் கொடுத்துச் செல்ல வேண்டியிருந்தது. ஒரே போத்தல் மீண்டும் மீண்டும் நிரம்பிக் காலியாயிற்று. இன்றைய நகரங்களில் வீடுதோறும் வரும் இருபது லிட்டர் கேன் தண்ணீர் அதே முறையைப் பின்பற்றுகிறது: முதல்முறை அட்வான்ஸ் கொடுத்த குடும்பம், காலிக் கேனைக் கொடுத்து நிறைந்த கேனைப் பெற்றுக்கொள்கிறது. அந்தக் கேனும் பிளாஸ்டிக்தான். ஆயினும் சாக்கடையில் இருபது லிட்டர் கேன் கிடப்பதைக் காண்பது அரிது. சமையல் எரிவாயு சிலிண்டரும் முன்பணம் கட்டிப் பெறப்பட்டு மாறிமாறித் திரும்பும் உறைதான். மூலப்பொருள் என்ன என்பதைவிட, திரும்பிச் செல்ல ஒரு வழியும் திருப்பித் தருவதற்கு ஒரு விலையும் உண்டா என்பதே உறையின் விதியைத் தீர்மானிக்கிறது.

நீலகிரி மாவட்டத்தில் இது கண்முன்னே நடந்தது. மலைப்பாதைகளிலும் காட்டோரங்களிலும் எறியப்பட்ட மதுப்போத்தல்களின் உடைந்த சில்லுகள் யானைகள் உள்ளிட்ட காட்டுயிர்களின் கால்களைக் கிழித்தன. சென்னை உயர் நீதிமன்றத்தின் வலியுறுத்தலால், 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் டாஸ்மாக் கடைகளில் போத்தல் ஒன்றுக்குக் கூடுதலாக 10 ரூபாய் பெற்று, வெற்றுப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் திருப்பித் தரும் திட்டம் அங்கே தொடங்கியது. விற்ற போத்தல்களில் பெரும்பாலானவை கடைக்கே திரும்பின. குடித்தவர் எறிந்துவிட்டுப் போனாலும் பத்து ரூபாய்க்காக வேறொருவர் எடுத்துவந்தார். படிப்படியாக வேறு மாவட்டங்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. கூடுதல் வேலைச்சுமையும் இடநெருக்கடியும் கடை ஊழியர்களை வருத்தியதும் உண்மை; திரும்பிவரும் உறைக்கு இடமும் ஆளும் ஒதுக்காமல் இத்தகைய திட்டம் நிலைக்காது.

சட்டம் இந்தத் திசையில் தயங்கித் தயங்கியே நடந்திருக்கிறது. தமிழ்நாடு அரசு 2019ஆம் ஆண்டு சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகள், தட்டுகள், குவளைகள் உள்ளிட்டவற்றைத் தடைசெய்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கி, கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் இட்டால் துணிப்பை தரும் இயந்திரத்தையும் நிறுவியது. வாங்குபவர் கையிலிருக்கும் பையைத் தொட்ட இந்த நடவடிக்கைகள், ஆலையிலிருந்தே வரும் உறையை நடைமுறையில் ஏறக்குறைய விட்டுவிட்டன. நடுவண் அரசின் 2016ஆம் ஆண்டுப் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சிக்கு உட்படாத பல்லடுக்கு உறைகளை இரண்டே ஆண்டுகளில் ஒழிக்க வேண்டும் என்று துணிவோடு கூறின. 2018இல் திருத்தம் வந்தபோது, எரித்து ஆற்றல் பெறவும் இயலாத, வேறெவ்விதப் பயனும் அற்ற உறைகளை மட்டும் என்று அந்த வாசகம் மாறிற்று. சிமென்ட் சூளை இருக்கும்வரை எரிக்க இயலாத உறை என்று ஒன்று இல்லை. ஆகவே அந்த ஒரு சொற்றொடரால் விதியின் கூர்மை முழுவதும் மழுங்கிப்போயிற்று. இத்தனைக்கும், புகையிலை, குட்கா, பான்மசாலா ஆகியவற்றைப் பிளாஸ்டிக் சிற்றுறையில் விற்பதை அதே விதிகள் முற்றாகத் தடைசெய்திருக்கின்றன.

2022இல் வந்த நெறிமுறைகள், உறையைச் சந்தைக்கு அனுப்பும் நிறுவனமே அதன் முடிவுவரை பொறுப்பேற்க வேண்டும் என்ற கொள்கைக்கு அளவுகளை வகுத்தன. உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு என்று அது வழங்கப்படுகிறது. மறுசுழற்சி இலக்குகளோடு, உறையை அப்படியே மீண்டும் நிரப்பிப் பயன்படுத்துவதற்கும் முதன்முறையாக அவற்றில் இலக்கு குறிக்கப்பட்டது: 4.9 லிட்டரும் அதற்கு மேலும் கொள்ளும் கெட்டிப் பிளாஸ்டிக் கலங்களில் 2025–26இல் 70 விழுக்காடும், அதற்குக் குறைந்து 0.9 லிட்டர்வரை உள்ளவற்றில் 10 விழுக்காடும் மறுபயன்பாட்டுக்கு வர வேண்டும், பின்னர் ஆண்டுதோறும் அந்த அளவு உயர வேண்டும் என்பது விதி. தண்ணீர்க் கேனைப் போலத் தானாகவே திரும்பிவரும் பெருங்கலத்துக்கு 70 விழுக்காடு. திரும்பி வரவே வழியில்லாத சிற்றுறைக்கு மறுபயன்பாட்டு இலக்கே இல்லை. கணக்கு 0.9 லிட்டரில் தொடங்குகிறது, கடலூரில் பிறந்த பாக்கெட் கொள்வதோ சில மில்லிலிட்டர். ஐந்து வெற்றுறைகளை எண்ணி வாங்கிக்கொண்டு ஒரு புது உறையைக் கொடுத்த பெட்டிக்கடைகள் இன்றும் தெருமுனைகளில் இருக்கின்றன. அவற்றின் முகப்பில் ஷாம்பு பாக்கெட்டுகள் சரம்சரமாகத் தொங்குகின்றன, கிழித்துக் கொடுக்கும் கடைக்காரருக்கு அவற்றைத் திரும்பப் பெறும் கணக்கு மட்டும் இப்போது இல்லை.